எங்கள் மூத்த நாய்க்கு ஒரு மேலங்கி

சிங்கப்பூரில் நாய்க்குக் குளிர் மேலங்கி எதற்கு என்று என் மாமியார் முதலில் கேட்டார். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில், வெப்பநிலை 23 டிகிரிக்கு இறங்கிய ஒரு காலையில், குட்டை ரோமமும் 11 வயதும் கொண்ட எங்கள் நாய் மின்தூக்கி அருகே நனைந்து நடுங்கியதைப் பார்த்தபின் அவரே வாங்கச் சொன்னார்.

அக்கம்பக்கக் கடையொன்றில் 42 வெள்ளிக்கு வாங்கிய இந்த அங்கியின் வெளிப்புறம் நீர் புகாத நைலான். உட்புறம் மெல்லிய ஃபிளீஸ் என்னும் மென்மையான கதகதப்புத் துணி. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் அரை மணி நேரத் தூறலிலும் முதுகு நனையவில்லை.

அளவில்தான் எனக்கு வருத்தம். கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளத்தையும், முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும் நான் குறித்துக்கொண்டு போயிருந்தும், கடைக்காரர் எடையை மட்டும் கேட்டுத் தந்த அங்கி, காலிடுக்கில் உராய்ந்து இரண்டே நாளில் தோலைச் சிவக்க வைத்துவிட்டது. மாற்றித் தந்த பெரிய அளவு சரியாகப் பொருந்துகிறது. ஆனால், நடத்திச் செல்லும் வாரை மாட்ட முதுகில் துளை இல்லை.

நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல்சூட்டைத் தணித்துக்கொள்வதால், மழை விட்டதும் இதைக் கழற்றிவிடுகிறேன். நனைந்த அங்கியோடு அதைப் படுக்க விடுவதில்லை. அடர்ந்த இரட்டை அடுக்கு ரோமம் உள்ள நாய்களுக்கு இங்கே இதை வாங்கவே வேண்டாம். மெலிந்த, வயதான நாய்களுக்குத் தயங்காமல் வாங்கலாம்.