டேவ்ஸ் கில்லர் பிரெட்: ரொட்டியும் உறைமேல் இருக்கிற ஆளும்

வாங்கலாமா, வேண்டாமா என்று மட்டும் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் தேங்காய்ச் சட்னிக்கு வாங்காதீர்கள்.

நான் சொல்வது பச்சை உறையில் வரும் '21 ஹோல் கிரெயின்ஸ் அண்ட் சீட்ஸ்'. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இது உள்ளூர்ச் சரக்கு. மேல் ஓடு முழுக்க எள், ஆளி விதை, சூரியகாந்தி விதை. கத்தி வைத்தாலே பாதி விதை மேடையில் கொட்டும். கையில் எடுத்தால் நல்ல கனம், சாதாரண பிரெட் மாதிரி அமுக்கினால் அமுங்கிப் போகாது. தோசைக்கல்லில் சிறு தீயில், நெய் விட்டுத் திருப்பிப் போட்டால் எள் பொரியும் வாசம் சமையலறை முழுக்க வரும். தீயைக் கூட்டிவிடாதீர்கள். சர்க்கரை சேர்த்த மாவு, சட்டென்று கருகும்.

அந்தச் சர்க்கரைதான் எனக்கு முதல் குறை. ஒரு துண்டில் நார்ச்சத்து 5 கிராம் என்று கொண்டாடுகிறோம், சர்க்கரையும் கிட்டத்தட்ட அவ்வளவே இருக்கிறது. இரண்டு துண்டு தின்றால் இரண்டு டீஸ்பூனுக்கு மேல் உள்ளே போகிறது. சுகர் இருக்கிறவர்கள் 'முழுதானியம்' என்ற எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தத் தித்திப்பால்தான் சட்னி சேரவில்லை. தக்காளித் தொக்கு பிரமாதம். மிளகு தூக்கலாகப் போட்ட முட்டைப் பொடிமாஸ் அதைவிடப் பிரமாதம்.

மதுரையிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் ஒரு வாய் கடித்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, குருவிக்குப் போடுற தீனியில்ல இது!" என்றார். பல்லில் மாட்டிய விதையை எடுத்துக்கொண்டே உறையைத் திருப்பிப் பார்த்தார். நீள முடி, முறுக்கேறிய கை, கிதார். "இது யாரு, சினிமாக்காரனா?"

"இல்லைங்க அத்தை, ஜெயில்ல இருந்தவர்."

"என்ன பண்ணினான்?"

அதைச் சொல்லத்தான் நேரம் பிடித்தது. டேவ் டால். அப்பா 1955இல் போர்ட்லண்டில் ஒரு சின்ன பேக்கரியை வாங்கி, முழுக்கோதுமை ரொட்டி சுட்டவர். அட்வெண்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். அண்ணன் கிளென் தொழிலைப் பார்த்துக்கொள்ள, தம்பி டேவ் மெத் என்ற போதைப்பொருளில் விழுந்தார். போதை விற்பது, வீடு புகுந்து திருடுவது, அடிதடி, ஆயுதம் காட்டிக் கொள்ளை. நான்கு முறை சிறை, மொத்தம் பதினைந்து வருடம். கிழக்கு ஒரிகனில் இருக்கும் ஸ்னேக் ரிவர் சிறையில்தான் தன் மனச்சோர்வுக்கு மருத்துவ உதவி கேட்டார். மருந்து வேலை செய்தது. அங்கேயே கணினியில் வரைபடம் போடும் படிப்பில் சேர்ந்தார். ஒரு கேடி நல்லவனாகும் கதையில் மனம் மாறிய நொடியைத்தான் எல்லோரும் தேடுவார்கள். இங்கே இருப்பது ஒரு மாத்திரையும் ஒரு வகுப்பறையும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

2004 கடைசியில் வெளியே வந்தவரை அண்ணன் மறுபடியும் பேக்கரியில் சேர்த்துக்கொண்டார். மறு வருடம் ஆகஸ்டில் போர்ட்லண்ட் உழவர் சந்தையில் இந்த ரொட்டி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பழைய உறைகளில் தன் கதையை அவரே எழுதியிருப்பார், நாலு தடவை தோற்றவன் என்று. ரொட்டியோடு அந்தக் கதையும் சேர்ந்துதான் விற்றது.

உறையில் இடம்பெறாத பாகம் ஒன்று இருக்கிறது. 2013 நவம்பரில் டேவுக்கு மனநிலை பிறழ்ந்து, போலீஸ் வண்டிகள்மேல் தன் வண்டியைக் கொண்டுபோய் மோதினார். குற்றம் செய்தார், ஆனால் மனநோயின் பிடியில் செய்தார் என்று தீர்ப்பானது. இருமுனைக் கோளாறு இருப்பதைப் பின்னால் அவரே வெளிப்படையாகப் பேசினார். 2015இல் ஜார்ஜியாவின் ஃபிளவர்ஸ் ஃபுட்ஸ் 275 மில்லியன் டாலருக்கு மொத்தக் கம்பெனியையும் வாங்கிவிட்டது. படத்தில் இருக்கிறவருக்கும் நீங்கள் கொடுக்கும் காசுக்கும் இன்று சம்பந்தம் இல்லை. அவர் ஆப்பிரிக்கக் கலைப்பொருள் சேகரிப்பில் இறங்கிவிட்டார்.

அப்படியென்றால் கதை வெறும் விளம்பரமா? பாதி ஆமாம். மீதிப் பாதி ஒரிகனிலேயே, மில்வாக்கி ஊரில் இருக்கும் கம்பெனி பேக்கரியில் நடக்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் மூன்றில் ஒருவர் சிறைக்குப் போய் வந்தவர் அல்லது குற்றப் பதிவு உள்ளவர் என்கிறது கம்பெனி. அமெரிக்காவில் வேலை விண்ணப்பத்தில் குற்றப் பதிவு உண்டா என்று கேட்கும் கட்டத்தில் டிக் அடித்தால் பேப்பர் நேரே குப்பைக்குப் போவது சர்வ சாதாரணம். மாவு பிசைகிற இடத்திலாவது அந்த டிக் தடையில்லை என்பதை, கிதார் வாசிக்கிற படத்தைவிடப் பெரிதாக உறையில் போட்டிருக்கலாம்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணங்காரனைச் சொல்லணும். நம்ம ஊர்ல வாசப்படி மிதிக்க விடுவாங்களா?" என்றார். கிளெனுடைய படம் உறையில் எங்கேயும் இல்லை.

விலை சாதாரண பிரெட்டைவிட இரண்டு மடங்குக்குக் குறையாது. காஸ்ட்கோ மொத்தக் கடையில் இரட்டைப் பாக்கெட்டாக எடுத்தால் கொஞ்சம் கட்டுப்படி ஆகும். கெடாமல் இருக்கச் செயற்கைப் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை, அதனால் ஒரு பாக்கெட்டை வாங்கின அன்றே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். எடுத்து அப்படியே கல்லில் போடலாம். வீட்டில் எள் ஒவ்வாமை இருக்கிற பிள்ளை இருந்தால் இந்தப் பக்கமே வர வேண்டாம். பல் சரியில்லாத பெரியவர்களுக்கு மெல்லிய துண்டு வகை தேவலை, ஆனால் அதில் உருளைக்கிழங்கு மசாலா வைத்தால் நடுவில் பிய்ந்துபோகும். அதற்குத் தடித்ததையே எடுங்கள்.