ஆர்கோ மிதவைத் தரவு: எடுத்துப் பயன்படுத்துவோருக்கு ஒரு மதிப்புரை

காசு கொடுக்காமல் கிடைக்கும் அறிவியல் சேவைகளில் ஆர்கோவுக்கு நிகராக வேறொன்றைச் சொல்வது கஷ்டம். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4000 தானியங்கி மிதவைகள். ஒவ்வொன்றும் 1000 மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள் போல நீரோட்டத்தோடு போகும். பிறகு 2000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே ஏறும் வழியெல்லாம் அழுத்தம், வெப்பநிலை, உப்புத்தன்மை மூன்றையும் அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி முழுகும். பத்து நாளைக்கு ஒரு சுற்று. 2007 நவம்பரில் 3000 மிதவை என்ற இலக்கை எட்டியதிலிருந்து, கடல் எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்ற கணக்கின் முதுகெலும்பு இதுதான். நமக்கு அருகில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனம் இந்திய மிதவைகளின் தரவு மையமாக இருக்கிறது. இந்தியப் பெருங்கடலுக்கான வட்டார மையமும் அதுவே.

தரம் உயர்வு. பரிமாறும் விதத்தில்தான் சிக்கல்: வெந்ததும் அரைவேக்காடும் ஒரே தட்டில் வரும். எது எது என்று பார்த்து எடுப்பது சாப்பிடுகிறவர் பொறுப்பு.

தரவு வரும் ஒவ்வொரு நெட்சிடிஎஃப் (அறிவியல் தரவுக்கான கோப்பு வகை) கோப்பிலும் உப்புத்தன்மைக்கு இரண்டு பத்திகள் உண்டு. ‘பிசால்’ என்பது மிதவை அனுப்பியபடியே உள்ள எண். ‘பிசால் அட்ஜஸ்டட்’ என்பது திருத்திய எண். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் பத்தியை எடுத்துப் படம் போட்டுவிடுகிறார்கள், பெயர் சுருக்கமாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணமில்லாமல். கூடவே ‘டேட்டா மோட்’ என்று ஓர் எழுத்து இருக்கும். ‘ஆர்’ என்றால் 24 மணி நேரத்துக்குள் தானியங்கிச் சோதனை மட்டும் முடித்து வந்தது. ‘ஏ’ என்றால் தானாகவே ஒரு திருத்தம் போட்டது. ‘டி’ என்றால் நிபுணர் ஒருவர் அக்கம்பக்கத்து அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிழை அளவும் சேர்த்துக் கொடுத்தது. இந்த ‘டி’ வருவதற்கு ஒரு வருடம் ஆகலாம், கூடவும் ஆகலாம். புயல் முன்னறிவிப்புக்கு ‘ஆர்’ போதும். பத்து வருடப் போக்கு, கடல்மட்டம், வெப்பக் கணக்கு என்று போகிறவர்கள் ‘டி’ தவிர எதையும் தொடக்கூடாது.

தரக்குறி எண்களில் 1, 2 மட்டும் எடுங்கள். 3 என்றால் சந்தேகம், 4 என்றால் கெட்டது, 9 என்றால் மதிப்பே இல்லை. இடைவெளியை நிரப்ப 99999 என்ற எண்ணைப் போட்டிருப்பார்கள். அதை வடிகட்டாமல் சராசரி எடுத்தால் நகைப்புக்குரிய விடை வரும், அதனால் உடனே பிடிபட்டுவிடும். கண்ணில் படாமல் கழுத்தறுப்பது உப்புத்தன்மைச் சறுக்கல்தான். உப்புத்தன்மையைக் கணிக்க நீரின் மின்கடத்துத்திறனை அளக்கும் சிறு கண்ணாடிக் குழாய்க்குள் பாசி படிந்தால் அளவு மெல்லக் குறையும். 2015க்குப் பிறகு தயாரான உணரிகளில் ஒரு பகுதி நேர் எதிராக, சட்டென்று உப்பு கூடுவதுபோல் காட்டத் தொடங்கியது. இதை ‘சால்ட்டி டிரிஃப்ட்’ என்பார்கள்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. 1500 மீட்டருக்குக் கீழே ஒரே வெப்பநிலையில் உப்புத்தன்மை பத்து நாளுக்குப் பத்து நாள் பெரிதாக மாறாது. ஒரு மிதவையின் எல்லாச் சுற்றுகளையும் எடுத்து, அந்த ஆழத்து உப்பை மட்டும் வரிசையாகப் போடுங்கள். சில மாதங்களில் 0.02, 0.03 என்று ஒரே பக்கமாக ஏறினாலோ இறங்கினாலோ கடல் மாறவில்லை, உணரி மாறியிருக்கிறது. தரவு மையங்களில் ‘கிரேலிஸ்ட்’ என்று சந்தேக மிதவைகளின் பட்டியல் இருக்கிறது, அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அழுத்தப் பிழை அதைவிட மோசம், ஏனென்றால் அது வெப்பநிலையையும் சேர்த்துக் கெடுக்கும். வங்கக்கடலில் 100 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் மீட்டருக்கு 0.1 டிகிரி வரை வெப்பம் இறங்கும். அங்கே 5 டெசிபார் (ஒரு டெசிபார் அழுத்தம் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம்) தவறினால் அரை டிகிரி போயிற்று. 2006இல் மேல்கடல் குளிர்ந்துவிட்டதாக ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. சில மிதவைகளில் வெப்பநிலைகள் தவறான அழுத்தத்தோடு ஜோடி சேர்ந்திருந்ததும், கப்பலிலிருந்து கடலில் போடும் பழைய எக்ஸ்பிடி வெப்பநிலைக் கருவிகள் கூடுதல் வெப்பம் காட்டியதும் சேர்ந்த விளைவு அது. 2007இல் அதே ஆய்வாளர்களே திருத்தம் வெளியிட்டார்கள்.

எடுக்கும் வழி: பைத்தான் தெரிந்தவர்களுக்கு ‘ஆர்கோபை’ நல்ல கருவி. தீர்க்கரேகை இரண்டு, அட்சரேகை இரண்டு, அழுத்தம் இரண்டு, தேதி இரண்டு என்ற வரிசையில் கட்டத்தைக் கொடுக்க வேண்டும். சென்னைக்குத் தென்கிழக்கே ஆழ்கடல் வேண்டுமென்றால் 82, 86, 10, 14, 0, 2000 என்று தொடங்கலாம். இதில் ‘ரிசர்ச்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் ‘டி’ வகையில் தரக்குறி 1 உள்ளது மட்டும் வரும். ‘ஸ்டாண்டர்ட்’ முறையில் மூன்றும் கலந்து வரும். முழு இந்தியப் பெருங்கடலையும் ஒரே மூச்சில் கேட்டால் சர்வர் பாதியில் கைவிடும். ஐந்து டிகிரி கட்டமாக, வருடம் வருடமாக வெட்டிக் கேளுங்கள். உப்புத்தன்மை ‘பிராக்டிகல்’ அளவில் வருகிறது, வெப்பநிலை அந்தந்த ஆழத்தில் உள்ளபடி வருகிறது. இரண்டையும் மாற்றாமல் அப்படியே இன்றைய அடர்த்தி வாய்ப்பாட்டில் போடுவது பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளில் இன்னும் பார்க்கக் கிடைக்கிற தவறு.

வங்கக்கடலுக்கு ஆர்கோ சரிப்படுமா? பாதி சரிப்படும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவரும் நன்னீர் வடக்கே மெல்லிய படலமாக மேலே கிடக்கும். அந்தப் படலம்தான் புயலின் வலிமைக்கும் பருவமழைக்கும் முக்கியம். ஆனால் மேற்பரப்பு அழுக்கு உள்ளே போகாதிருக்க, மிதவையின் பம்பு 5 டெசிபார் அருகிலேயே நின்றுவிடும். ஆக, மேல் ஐந்து மீட்டர் பெரும்பாலும் இல்லை. சில மிதவைகள் பம்பு நின்ற பிறகும் அளந்த இரண்டாவது புரொஃபைல் (ஆழவாரியான அளவீட்டு வரிசை) ஒன்றைக் கொடுக்கும். அதில் வெப்பநிலையை எடுக்கலாம், உப்பை எடுக்கக்கூடாது. அந்த மேல்படலம் வேண்டுமென்றால் 90 டிகிரி கிழக்கில் நங்கூரமிட்டு நிற்கும் ராமா மிதவைகளையோ, சென்னை பள்ளிக்கரணையிலிருந்து என்ஐஓடி (தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்) பராமரிக்கும் மிதவைகளையோ நாடுங்கள். ராமாவில் ஒரு மீட்டர் ஆழத்திலேயே உப்புத்தன்மை இருக்கிறது.

கரையோரத்துக்கு ஆர்கோ ஆகவே ஆகாது. பாக் விரிகுடாவில் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீட்டர். 2000 மீட்டர் மிதவைக்கு அங்கே என்ன வேலை? நம் கரையை ஒட்டி ஓடி, பிப்ரவரி மார்ச்சில் வடக்கேயும் அக்டோபர் நவம்பரில் தெற்கேயும் திசை மாறும் கிழக்கு இந்தியக் கரையோர நீரோட்டம் நூறு கிலோமீட்டர் அகலம்தான். ஒரு டிகிரி கட்டத்தில் வழவழப்பாக்கிய தயார் வரைபடத்தில் அது கரைந்து போயிருக்கும். அத்தகைய தயார் வரைபடம் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்திடம் 2004லிருந்து மாதவாரியாக 58 அடுக்கில் இருக்கிறது, இன்காய்ஸிடமும் இருக்கிறது. நடுக்கடலுக்கு இரண்டும் அருமை. மீனவர்களுக்கு வரும் மீன்வள இட அறிவிப்பும் ஆர்கோவிலிருந்து வருவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது செயற்கைக்கோளின் மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தையும் வைத்துச் சொல்வது.

கடல்வாழ் உயிர்ச்சூழலுக்கு உயிர்வேதி ஆர்கோ தனி வகை. ஆக்சிஜன், நைட்ரேட், பிஎச், குளோரோஃபில், மிதக்கும் துகள், ஒளி என்று ஆறு அளவுகள். இங்கே எச்சரிக்கை இரண்டு மடங்கு. குளோரோஃபில் உணரி ஆலையிலிருந்து வந்த கணக்கில் சராசரியாக இரண்டு பங்கு காட்டும், ஆகவே திருத்திய பத்திதான். நண்பகல் வெயிலில் பாசியின் ஒளிர்வு அடங்கிவிடுவதால் மேல் இருபது முப்பது மீட்டர் பொய்யாகக் குறைந்து தெரியும். இரவுப் புரொஃபைல் நம்பகம். ஆக்சிஜன் உணரி கப்பல் ஏறும் முன் அலமாரியில் கிடக்கும்போதே உணர்திறன் இழக்கும், திருத்தாத எண் பத்து சதவீதம் போலக் குறைந்திருப்பது சாதாரணம். அரபிக்கடலின் ஆக்சிஜன் வற்றிய அடுக்கில் ஓரிரு மைக்ரோமோல் வித்தியாசத்தை வைத்துக் கதை எழுதாதீர்கள். வங்கக்கடலில் சொட்டு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது, அரபிக்கடலின் நடு அடுக்கில் அதுவும் இல்லை. அந்த நானோமோல் அளவு வேறுபாடு மிதவைக்குத் தெரியாது.

ஒரே நிரலை ஆறு மாதம் கழித்து ஓட்டினால் வேறு விடை வரும், ஏனென்றால் பழைய கோப்புகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆய்வுக் கட்டுரைக்கு மாதாந்திரத் தொகுப்பையே இறக்குங்கள், 10.17882/42182 என்ற அடையாள எண்ணில், மாதத்துக்கு ஒரு பின்னொட்டோடு கிடைக்கும். எந்த மாதத்துத் தொகுப்பு என்று எழுதாத கட்டுரையின் கணக்கை வேறொருவர் திரும்பப் போட்டுச் சரிபார்க்க முடியாது.

கடைசியாக, பாதையையும் ஒரு பார்வை பாருங்கள். வலையில் சிக்கிப் படகேறிய மிதவையும் சில நாள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். திடீரென்று நேர்கோட்டில் துறைமுகம் நோக்கி ஓடுகிற புள்ளிகளும், சில டெசிபார் மட்டுமே உள்ள புரொஃபைலும் தெரிந்தால் அங்கிருந்து வெட்டிவிடுங்கள். அதைக் கையில் வைத்திருப்பவர் தெரிந்தவரானால், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, திறக்க வேண்டாம், மேலே ஒட்டியிருக்கும் முகவரிக்குத் தகவல் கொடுங்கள் என்று சொல்லுங்கள்.