குன்னூர், கோத்தகிரி பக்கம் லேப்டாப்பை 'பிரைவசி சர்வீஸ்' செய்யக் கொடுக்கும் முன் படியுங்கள்

குன்னூரில் ஒரு கம்ப்யூட்டர் கடை. 'பிரைவசி சர்வீஸ்' என்று பில் போட்டு என்னிடம் 2,500 ரூபாய் வாங்கினார்கள். அவர்கள் செய்து கொடுத்த வேலை இதுதான்.

கோத்தகிரி அருகே சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். புக்கிங், பச்சைத் தேயிலைக் கணக்கு, தங்க வருகிறவர்களின் ஆதார் நகல் எல்லாம் ஒரே லேப்டாப்பில். அடுத்தவர் ஆதாரை வைத்துக்கொண்டு, மெஷின் எதை எங்கே அனுப்புகிறது என்று கவலைப்படாமல் இருக்க முடியாது. "விண்டோஸ் எல்லாத்தையும் வேவு பாக்குதுண்ணா. ஒரு பைட்கூட வெளிய போகாம அடைச்சுத் தர்றோம்" என்றார் கடைக்காரர்.

அந்த வாக்குறுதியே பொய். விண்டோஸின் ஹோம், புரோ பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போகும் டயக்னாஸ்டிக் தகவலை (கம்ப்யூட்டர் எப்படி ஓடுகிறது என்ற விவரம்) செட்டிங்ஸில் குறைக்கலாம், முழுக்க நிறுத்த முடியாது. அதை முழுக்க நிறுத்தும் வசதி என்டர்பிரைஸ், எஜுகேஷன் போன்ற பதிப்புகளுக்குத்தான் உண்டு.

லேப்டாப் திரும்பி வந்ததும் வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தால், 'இந்த அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. வீட்டு லேப்டாப்பில் அந்த வரி வரவே கூடாது. விண்டோஸுடனே வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை முடக்கியிருந்தார்கள், விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்தியிருந்தார்கள். குரோம் பிரவுசரில் நான் கேட்காத ஒரு எக்ஸ்டென்ஷன் (கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்). எல்லா இணையதளங்களிலும் நம் தகவலைப் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி. பேங்க் பக்கமும் அதில் அடக்கம்.

இதைவிட மோசம், டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் இருந்தது. வெளியிலிருந்து நம் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள், லேப்டாப்பை ஆன் செய்ததுமே ஓடுகிற மாதிரி. அதற்கு நிரந்தர பாஸ்வேர்டும் போட்டிருந்தார்கள். அதாவது இங்கே யாரும் 'சரி' என்று அமுக்காமலே அவர்கள் உள்ளே வரலாம்.

போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தாண்ணா போடுறோம். ஏதாச்சும் பிரச்சினைன்னா இங்கிருந்தே பாத்துக்கலாம்ல?" எல்லாருக்கும்! அந்த வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு. பணத்தைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்.

அவர்களிடம் எதையாவது சர்வீஸுக்குக் கொடுத்திருந்தால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறு ஃபோனிலிருந்து மாற்றுங்கள். தேவையான ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகவே போட்டுவிடுங்கள். ஒவ்வொன்றாகத் தேடி நீக்கினால் எது மிச்சம் என்று தெரியாது. பணம் ஏதும் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

அப்புறம், உண்மையில் செய்ய வேண்டிய வேலைக்குக் காசே தேவையில்லை. விண்டோஸ் 11 செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குள் போய் ஆப்ஷனல் டயக்னாஸ்டிக் டேட்டா, அட்வர்டைசிங் ஐடி (விளம்பரம் காட்ட நம்மை அடையாளம் காணும் எண்) இரண்டையும் அணையுங்கள். லொகேஷன், கேமரா, மைக் அனுமதியில் தேவையில்லாத ஆப்களை எடுங்கள். ஏற்கெனவே சேர்ந்த டயக்னாஸ்டிக் தகவலை அழிக்கும் பட்டனும் அங்கேயே இருக்கிறது. பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸும், விளம்பரத்தையும் டிராக்கிங்கையும் (நாம் பார்ப்பதைப் பின்தொடர்வது) தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷனும் போதும், இரண்டும் இலவசம். டிராக்கிங்கைத் தடுக்கும் என்று விற்கிற மென்பொருளை எடுத்தவுடன் நம்பாதீர்கள். பயனர்கள் பார்த்த பக்கங்களின் விவரத்தை விற்றதற்காக வைரஸ் தடுப்பு மென்பொருள் தரும் அவாஸ்ட் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-இல் நடவடிக்கை எடுத்தது, 1.65 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது.

பில்லை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். எங்களிடம் தங்கியவர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் செய்து, ஆதார் பயோமெட்ரிக்கை (கைரேகை, கண் பதிவு) லாக் செய்யச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனி வருகிறவர்களிடம் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார்தான் கேட்கப் போகிறேன். மற்ற ஹோம்ஸ்டேக்காரர்களும் அதையே கேளுங்கள்.