ஒரே சேனல், நான்கு வழிகள்: கேபிள், டிடிஎச், ஃப்ரீ டிஷ், ஓடிடி

தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்குள் தொலைக்காட்சி நிகழ்ச்சி நுழைவதற்கு இன்று நான்கு வாசல்கள் உள்ளன. தெருக்கம்பத்திலிருந்து இறங்கும் கேபிள் கம்பி, மொட்டைமாடியில் மாதக் கட்டணத்துடன் நிற்கும் டிடிஎச் டிஷ், மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ், இணையத்தில் ஓடும் ஓடிடி செயலி ஆகியவையே அவை. இவற்றை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் மாதத் தொகையையும் படத்தின் துல்லியத்தையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். நான் வேறோர் அளவுகோலை முன்வைக்க விரும்புகிறேன். இந்த நான்கும் நான்கு வெவ்வேறு விதிமுறைகளின் கீழ் இயங்குகின்றன. என்ன விலை, யாரிடம் முறையிடுவது, ஒரு சேனல் திடீரென்று காணாமல் போனால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த விதிமுறைகளில்தான் இருக்கிறது.

முதலில் கேபிள். 1993 ஏப்ரலில் சன் டிவி தொடங்கியபோது, தெருவில் ஒருவர் பெரிய டிஷ் ஒன்றை நட்டு, அதிலிருந்து நூறு இருநூறு வீடுகளுக்குக் கம்பி இழுத்துக் கொடுப்பதே கேபிள் தொழிலாக இருந்தது. அந்தத் தொழிலுக்கு ஒரு சட்டம் வந்தது 1995இல்தான். பிறகு சிறிய ஆபரேட்டர்கள் எம்எஸ்ஓ எனப்படும் பெரிய விநியோக நிறுவனங்களிடமிருந்து சிக்னல் வாங்கும் நிலை உருவானது. சேனலை நடத்தும் குழுமமே விநியோகத்தையும் கையில் வைத்திருந்தால் போட்டிச் சேனலின் கதி என்னவாகும் என்ற கேள்வி, சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் வலுப்பெற்ற காலத்திலேயே தமிழ்நாட்டில் எழுந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு மாநிலம் கண்ட விடை அரசு கேபிள் டிவி நிறுவனம். 2007இல் பதிவு செய்யப்பட்டு, இடையில் முடங்கி, 2011இல் மாதம் 70 ரூபாய் என்ற அறிவிப்புடன் அது மீண்டும் உயிர் பெற்றது.

அந்த 70 ரூபாய் சாதாரணக் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. தனியார் விநியோகம் விலையைத் தன் விருப்பத்துக்கு ஏற்றாமல் தடுத்தது. ஆயினும், செய்திச் சேனல்களின் விமர்சனத்துக்கு உள்ளாகும் அரசே அந்தச் சேனல்களை வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் கம்பிக்கும் உரிமையாளராக இருப்பது சரியல்ல என்றே நான் கருதுகிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், மாநில அரசுகளும் அவற்றின் நிறுவனங்களும் ஒளிபரப்பு விநியோகத்தில் இறங்கக் கூடாது என்று 2008இல் பரிந்துரைத்தது. 2012இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. அப்படியிருந்தும் 2017இல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. 2022 அக்டோபரில் ஒன்றியத் தகவல் ஒளிபரப்பு அமைச்சகம், அரசுகள் இத்தொழிலிலிருந்து விலக வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஒரே நிறுவனத்துக்கு ஒரு கையால் உரிமமும் மறு கையால் வெளியேறும் அறிவுரையும் கொடுக்கும் ஒழுங்குமுறையை நம்பி ஓர் ஆபரேட்டர் எப்படிப் புதிய கம்பியில் முதலீடு செய்வார்?

கேபிளில் செட் டாப் பாக்ஸ் என்ற பெட்டி 2012க்குப் பிறகு வந்த பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், 2003 செப்டம்பரில் நாட்டிலேயே முதன்முதலாகச் சென்னையில்தான் நிபந்தனை அணுகல் முறை நடைமுறைக்கு வந்தது. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் பெட்டி, இலவசச் சேனல்கள் போதுமென்றால் பெட்டி தேவையில்லை என்பதே அதன் ஏற்பாடு. 2012 முதல் 2017 வரை கட்டம் கட்டமாக நாடு முழுவதும் அனலாக் சிக்னல் நிறுத்தப்பட்டபோது, பெட்டி இல்லாமல் கேபிளே இல்லை என்றாகிவிட்டது.

டிடிஎச் தெரு ஆபரேட்டரையே சுற்றிக்கொண்டு போகிறது. சிக்னல் நேராகச் செயற்கைக்கோளிலிருந்து வருவதால், கம்பி ஏறாத மலைக் கிராமத்துக்கும் வயல் நடுவே தனித்து நிற்கும் வீட்டுக்கும் அது உகந்தது. அடைமழையில் படம் உறைந்து சதுரம் சதுரமாக உடைவது அதன் இயல்பான குறை. டிடிஎச் பயன்படுத்தும் கேயூ என்ற அலைவரிசை மழைத்துளியால் வலுவிழக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடலோர மாவட்டங்களில் டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. அதைவிடப் பெரிய ஆபத்து, எல்லாமே ஒரு செயற்கைக்கோளை நம்பியிருப்பது. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகட்டில் மின்கோளாறு ஏற்பட்டு சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகளான டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க நேர்ந்தபோது, அதைப் பயன்படுத்திவந்த சன் டைரக்ட் வேறொரு செயற்கைக்கோளுக்கு அவசரமாக மாற வேண்டியிருந்தது. தெருவில் கம்பி அறுந்தால் ஒரு தெரு இருளும். வானத்தில் கோளாறு என்றால் லட்சக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் இருளும்.

விதிமுறையிலும் டிடிஎச் நிறுவனம் கேபிளைவிட அதிகச் சுமையைச் சுமக்கிறது. அது ஒன்றிய அரசிடம் உரிமம் பெற்று, வருவாயில் ஒரு பங்கை உரிமக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். 2020 டிசம்பர் வழிகாட்டுதலுக்குப் பின் அது 8 விழுக்காடு. கேபிள் எம்எஸ்ஓவுக்கு அந்தக் கட்டணம் கிடையாது, ஓடிடிக்கும் கிடையாது. ஒரே சந்தையில் ஒரே சேனலை விற்கும் மூவரில் ஒருவர் மட்டும் இதைக் கட்டுவதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 2023இல் டிராயும் இதைப் படிப்படியாகக் குறைத்து முடிவில் நீக்கலாம் என்றே பரிந்துரைத்தது. ஒரு காலத்தில் 7 கோடியைத் தாண்டியிருந்த கட்டண டிடிஎச் சந்தாதாரர் எண்ணிக்கை 2025இல் 6 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது.

விலை என்று வரும்போது, கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் இடையிலான வேறுபாட்டை 2019 பெருமளவு அழித்துவிட்டது. அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த டிராயின் புதிய கட்டண முறைக்கான ஒழுங்குமுறைகள் 2017 மார்ச்சிலேயே வெளியாயின. ஸ்டார் இந்தியாவும் விஜய் தொலைக்காட்சியும் அவற்றை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. இரு நீதிபதிகளிடையே மாறுபட்ட தீர்ப்பு வர, மூன்றாவது நீதிபதியின் முடிவால் டிராய் வென்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நாடு முழுவதும் ஒவ்வொரு வீட்டின் ரிமோட்டையும் தொட்ட ஒரு விதியின் தலைவிதி சென்னையில் தீர்மானமானது என்பது, இத்துறையைக் கவனிப்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி.

அந்த முறைப்படி என்சிஎஃப் எனப்படும் அடிப்படைக் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. அதற்கு 100 சேனல்கள். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களின் விலை அதற்கு மேல் தனி. ஒவ்வொரு சேனலுக்கும் ஒளிபரப்பாளர் விலையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைத் தொகுப்பில் சேர்க்க முடியாது. விளைவை ஊகிப்பது கடினமல்ல. தமிழிலும் பிற மொழிகளிலும் முன்னணிச் சேனல்கள் மிகச் சரியாக 19 ரூபாயில் வந்து நின்றன. உச்சவரம்பாக எழுதப்பட்ட எண், சந்தையில் விலைப்பட்டியலாகவே மாறிப்போனது.

வேண்டிய சேனலுக்கு மட்டும் பணம் கொடுக்கலாம் என்பதுதான் அந்த விதியின் உயிர்நாடி. அது வீட்டில் எப்படிச் செயல்பட்டது என்பதற்கு நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2019 தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஆபரேட்டர் இரண்டு பக்க அச்சுத்தாள் ஒன்றைக் கொடுத்துச் சென்றார். என் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவால் ஒவ்வொரு சேனலாக டிக் அடித்தார். எட்டுச் சேனல்கள் போதும் என்றார். கூட்டிப் பார்த்தபோது, அந்த எட்டையும் உள்ளடக்கிய ஆயத்தத் தொகுப்பு, எட்டைத் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாக இருந்தது. அந்தத் தொகுப்பில் அவர் ஒருநாளும் பார்க்காத இருபது சேனல்கள் கூடுதலாக வந்தன. தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டத்தில் இருந்தது. கணக்கு அதைப் பயன்படுத்த விடவில்லை. இது தனிமனிதரின் தவறு அல்ல. தொகுப்புக்கு எவ்வளவு தள்ளுபடி தரலாம் என்பதில் அப்போது வரம்பு செயல்பாட்டில் இல்லாததால் விளைந்தது.

டிராய் அதை உணர்ந்து 2020 ஜனவரியில் திருத்தம் கொண்டுவந்தது. தொகுப்பில் சேர்க்கும் சேனலுக்கான வரம்பு 19இலிருந்து 12 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்றானது. ஒளிபரப்பாளர்கள் பம்பாய் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2021இல் தங்கள் முதன்மைச் சேனல்களைத் தொகுப்பிலிருந்து வெளியே எடுத்து விலை உயர்த்துவதாகவும் சிலர் அறிவித்தார்கள். 2022 நவம்பரில் வரம்பு மீண்டும் 19 ரூபாய்க்கே திரும்பியது. 2023 பிப்ரவரியில், புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத கேபிள் நிறுவனங்களுக்கு ஒளிபரப்பாளர்கள் சிக்னலைத் துண்டித்தபோது, கட்டணம் செலுத்தியிருந்த மக்கள்தான் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். 2024 ஜூலையில் 130 ரூபாய் உச்சவரம்பும் நீக்கப்பட்டு, அடிப்படைக் கட்டணத்தை நிறுவனங்களே தீர்மானிக்கலாம் என்றாகிவிட்டது. ஐந்தாண்டுகளில் ஒரு முழுச் சுற்று.

ஃப்ரீ டிஷ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய இச்சேவையைத் தூர்தர்ஷனின் தாய் நிறுவனமான பிரசார் பாரதி நடத்துகிறது. டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவழித்தால் போதும். தனியார் சேனல்களுக்கான இடங்களை ஏலம் விட்டு அது வருவாய் ஈட்டுகிறது. வட மாநிலங்களில் அது பெரும் போட்டியாளர். காரணம், இந்திப் பொழுதுபோக்குச் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடித்ததுதான். தமிழ்நாட்டில் மக்கள் தேடும் சன், விஜய், ஜீ தமிழ் போன்ற கட்டணச் சேனல்கள் அதில் இல்லாததால், அது டிடி தமிழும் சில செய்திகளும் போதும் என்பவர்களுக்கே பயன்படுகிறது. ஆனால் 2024 திருத்தத்தில் இதையொட்டி ஒரு நல்ல விதி வந்தது: ஃப்ரீ டிஷ்ஷில் கட்டணமின்றிக் கிடைக்கும் சேனலை, கேபிளிலும் டிடிஎச்சிலும் கட்டணச் சேனலாக விற்க முடியாது. அதன் நியாயம் எவருக்கும் புரியும்.

அந்த நியாயம் ஓடிடியின் வாசலில் நின்றுவிடுகிறது. 2017இல் சன் நெக்ஸ்ட் வந்தது முதல், தமிழ்த் தொடர்கள் சேனலிலும் செயலியிலும் ஒருசேரக் கிடைக்கின்றன. தமக்கு வசதியான நேரத்தில் பார்க்கலாம், விட்ட அத்தியாயத்தைப் பிடிக்கலாம், பெட்டி வேண்டாம். நல்ல பிராட்பேண்ட் இருக்கும் வீட்டில் தொழில்நுட்ப அளவில் ஓடிடியை மற்ற மூன்றும் நெருங்க முடியாது. ஆனால் அதன் விலைக்கு எந்த வரம்பும் இல்லை. சேனல்களைப் போல எல்லா விநியோக நிறுவனங்களுக்கும் பாகுபாடின்றி வழங்க வேண்டும் என்ற கடமையும் இல்லை. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் அதற்கு வயது வாரியான வகைப்பாட்டையும், 15 நாட்களுக்குள் புகாருக்குப் பதில் தரும் அலுவலரையும் கட்டாயமாக்கின. அந்தப் புகார் உள்ளடக்கம் பற்றியது, விலை பற்றியதல்ல. கேபிளிலும் டிடிஎச்சிலும் சேவைத் தரத்துக்கெனத் தனி ஒழுங்குமுறை 2017 முதல் இருக்கிறது: கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் அதற்கு மேல் ஒரு பொறுப்பு அலுவலரும் இருக்க வேண்டும், அங்கும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். வயதானவர்கள் மட்டும் வசிக்கும் வீட்டுக்கு நான் இன்றும் கேபிளையே பரிந்துரைப்பேன். படம் வராவிட்டால் வாசலுக்கு ஓர் ஆள் வருவார் என்பது எந்தச் செயலியிலும் கிடைக்காத வசதி. பக்கத்தில் கேபிள் இல்லையென்றால் டிடிஎச். ஓடிடியை இவற்றுக்கு மாற்றாக அல்லாமல் துணையாக வைத்துக்கொள்வதே இப்போதைக்கு விவேகம், ஏனெனில் ஓராண்டுக்குச் செலுத்திய செயலி அடுத்த ஆண்டு வேறொன்றுடன் இணைந்து, விலையும் மாறியிருக்கலாம்.

இது கற்பனை அச்சம் அல்ல. விஜய் டிவியை நடத்தும் ஸ்டாரும், கலர்ஸ் தமிழைத் தொடங்கிய வயாகாம்18உம் ஒரே கூரையின் கீழ் வருவதற்குப் போட்டி ஆணையம் 2024இல் நிபந்தனைகளுடன் ஒப்புதல் அளித்தது. அவற்றின் இரு செயலிகளும் 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் என்ற ஒன்றாயின. ஓடிடியையும் ஒளிபரப்பையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவர 2023 நவம்பரில் வெளியான வரைவு மசோதாவின் திருத்திய வடிவம், எதிர்ப்புக்குப் பின் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் தணிக்கைப் பிரிவுகளை நானும் எதிர்க்கிறேன். ஆனால் சேனலுக்கும் செயலிக்கும் இடையே உள்ள விலைப் பாகுபாடும் அத்துடன் கிடப்பில் போடப்பட்டதை ஏற்க முடியவில்லை. 2023 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின்போது அந்தப் பாகுபாடு கண்ணெதிரே தெரிந்தது: ஒரே நிறுவனம் கைப்பேசிச் செயலியில் இலவசமாகக் காட்டிய அதே ஆட்டங்களைக் கேபிளிலும் டிடிஎச்சிலும் பார்க்க, மக்கள் கட்டணச் சேனலுக்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தது.