'அடி'யைக் கொடுத்துப் பார்த்தால்: இணையத் தமிழ் லெக்சிகன் எப்படி?

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்ற அகராதியை, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். 'அடி'யைத் தேடினால் தெரிந்துவிடும் அதன் பலமும் பலவீனமும்.

பாதம், பாத்திரத்தின் அடிப்பக்கம், 12 அங்குலம், செய்யுளின் வரி எல்லாம் கிடைக்கும். 'அடிச்சான்', 'அடித்தது' என்று தட்டினால் வேலைக்காகாது. வினைகள் 'அடி-த்தல்' என்ற வடிவில்தான் இருக்கும், எனவே வேர்ச்சொல்லை மட்டும் கொடுங்கள்.

தகராறு தெருப்பேச்சில்தான். சைட் அடிப்பவன் யாரையும் தொடுவதில்லை, பிட் அடிப்பவன் துண்டுச்சீட்டைப் பார்த்துப் பரீட்சை எழுதுகிறான், சரக்கு அடிப்பவன் குடிக்கிறான், பல்டி அடிக்கும் சாட்சி சொன்னதை மாற்றுகிறான். பொருள் முன்சொல்லில் இருக்கிறது; 'அடி' அதை வினையாக்க மட்டுமே வருகிறது. 'மொட்டை அடி'க்குக் கோயிலில் ஒரு பொருள், சீட்டுக் கம்பெனியில் வேறு. 'அடி தூள்!' என்பதில் அடியே கிடையாது, வெறும் குதூகலம். இவற்றை 1936-இல் முடிந்த அகராதியில் தேடுவது நியாயமும் இல்லை.

வேடிக்கை 'போரடி'யில். அகராதிக்கு அது களத்தில் மாடு கட்டி நெற்போரை மிதிப்பது. இன்றைய பையனுக்கு அலுப்பு. இரண்டாவது 'போர்' ஆங்கிலத்திலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, சொல் வேறு.

பழம்பாட்டு படிப்பவருக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். சினிமா வசனத்துக்குச் சப்டைட்டில் போடுபவர் சமூக வலைத்தளத்தில் 'பல்டி அடிச்ச' என்று முழுத்தொடராக, பேச்சு எழுத்தில் தேடுவதே மேல்.