மீன் தொட்டிக்கான ஆர்.ஓ. கருவி: ஓராண்டுச் சோதனையும் நான் செய்த மாற்றங்களும்

மீன் தொட்டிக்கென்றே விற்கப்படும் நீரில் கரைந்த உப்புகளை நீக்கும் நான்கு கட்ட ஆர்.ஓ.-டி.ஐ. (எதிர்ச் சவ்வூடுபரவல், அயனி நீக்கம்) கருவி ஒன்றை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். படிவு வடிகட்டி, குளோரினை நீக்கும் கார்பன் பிளாக், நாளொன்றுக்கு 75 கேலன், அதாவது ஏறத்தாழ 284 லிட்டர் தரும் என்று குறிக்கப்பட்ட மெம்பிரேன் (உப்பைத் தடுக்கும் சவ்வு), கடைசியில் எஞ்சிய உப்பைப் பற்றிக்கொண்டு, தீரத் தீர நிறம் மாறும் டி.ஐ. ரெசின் என்பது அதன் அமைப்பு. சமையலறையில் இருக்கும் குடிநீர்க் கருவியையே இதற்குப் பயன்படுத்தலாமே என்று பலர் கேட்கிறார்கள். குடிநீர்க் கருவிகள் பலவற்றில் சுவைக்காக மூல நீரில் ஒரு பங்கைத் திரும்பக் கலக்கும் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) கன்ட்ரோலரோ தாதுக் குடுவையோ இருக்கும். தொட்டிக்குள் என்ன போகிறது என்பதை நாமே முடிவு செய்ய விரும்பினால் அந்த நீர் உதவாது.

கருவியைப் பொருத்திய அன்றே ரெசினுக்குப் பின்னால் வந்த நீரில் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டியது. அந்தப் பூஜ்யத்தை நம்பியதுதான் நான் செய்த முதல் தவறு. கடைசிக் கட்டத்தில் ரெசின் தீராமல் இருக்கும்வரை மீட்டர் பூஜ்யத்தைத்தான் காட்டும். அதற்கு முன்னால் இருக்கும் மெம்பிரேன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை அந்த எண் மறைத்துவிடுகிறது. முதல் ரெசின் 400 லிட்டரைக்கூடத் தாண்டாமல் நிறம் மாறியபோதுதான் மெம்பிரேனுக்கும் ரெசினுக்கும் நடுவில் குழாயைக் கழற்றி அளந்து பார்த்தேன். உள்ளே போகும் நீர் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெம்பிரேனைத் தாண்டிய நீர் 38. அப்படியானால் தடுக்கப்படுவது 91 விழுக்காடு மட்டுமே. நல்ல நிலையில் உள்ள மெம்பிரேன் 96 முதல் 98 விழுக்காடு வரை தடுக்க வேண்டும்.

மெம்பிரேன் பழுதில்லை, அழுத்தம்தான் போதவில்லை. மெம்பிரேனின் தயாரிப்புத் தாளில் உள்ள அளவு 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கும் 25 டிகிரி வெப்பத்துக்கும் உரியது. என் குழாயில் வந்ததோ 32 பி.எஸ்.ஐ. அளவுக் குவளையை வைத்து ஒரு நிமிடம் பிடித்தபோது தூய நீர் 115 மில்லியும் கழிவு நீர் 520 மில்லியும் சேர்ந்தன. இவ்வளவு முக்கியமான அழுத்தத்தைக் காட்டும் மானி இந்தக் கருவியுடன் வருவதில்லை. என் பார்வையில் இதுவே இதன் பெரிய குறை. தனியாக ஒரு பிரஷர் கேஜ் வாங்கி மெம்பிரேனுக்கு முன்னால் பொருத்தியது, நான் செய்த மாற்றங்களிலேயே மிகச் சிறியதும் மிகப் பயனுள்ளதும் ஆகும்.

அடுத்ததாக, முன்வடிகட்டிகளுக்கும் மெம்பிரேனுக்கும் இடையில் ஒரு பூஸ்டர் பம்ப் வைத்து அழுத்தத்தை 70 பி.எஸ்.ஐ.க்கு உயர்த்தினேன். தூய நீர் நிமிடத்துக்கு 270 மில்லியாகவும் கழிவு நீர் 850 மில்லியாகவும் ஆயின. ஒரு லிட்டருக்கு நாலரை லிட்டர் வீணாகிய நிலை மாறி, மூன்று லிட்டரைச் சற்றே தாண்டும் அளவுக்கு இறங்கியது. மெம்பிரேனைத் தாண்டிய நீரின் டி.டி.எஸ். 38இலிருந்து 10 ஆனது. ரெசினுக்கு வரும் உப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததால், இரண்டாவது ரெசின் 1,300 லிட்டர் வரை தாங்கியது.

ஆனால் ஓட்டம் கூடினால் கார்பனில் நீர் தங்கும் நேரம் குறைகிறது என்பதை நான் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை. டி.டி.எஸ். மீட்டருக்குக் குளோரின் தெரியாது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: கழிவுக் குழாயில் வரும் நீர் கார்பனைத் தாண்டி வந்ததுதான் என்பதால், அதைப் பிடித்து மொத்தக் குளோரின் சோதனைத் துளிகளை விட்டுப் பார்க்கலாம். பம்ப் வைத்த மறுவாரம் அந்த நீர் இளஞ்சிவப்பாக மாறியது, அதாவது கார்பனைத் தாண்டிக் குளோரின் வந்துகொண்டிருந்தது. குளோரின் மெம்பிரேனை மெல்ல அரித்துவிடும். நீரில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) சேர்க்கப்பட்டிருந்தால் சிக்கல் இன்னும் கூடும். கார்பன் அதை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சுகிறது, அதில் ஒரு பங்கு மெம்பிரேனையும் தாண்டிவிடுகிறது, பிறகு அதைப் பிடிக்க ரெசின் மட்டுமே இருக்கிறது. தொடராக இரண்டாவது கார்பன் பிளாக் சேர்த்த பிறகு துளிகள் நிறமற்று நின்றன. விற்பவர்களே இரண்டு கார்பனுடன் இதைத் தந்திருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ரெசின் குடுவையிலும் ஒரு குறை இருந்தது. என்னிடம் வந்த குடுவை மெம்பிரேன் மேல் படுக்கை வசமாகக் கவ்வப்பட்டிருந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, ரெசின் மணிகள் அடியில் படிந்து மேலே விரலளவு இடைவெளி தெரிந்தது. நீர் மணிகளுக்குள் புகாமல் அந்த இடைவெளி வழியாகவே வழுக்கிச் சென்றிருக்கிறது. செங்குத்தாக நிற்கும் குடுவைக்கு மாற்றி, அடியிலிருந்து மேலாக நீர் ஏறும்படி அமைத்து, மணிகளைத் தட்டித் தட்டி இறுக்கமாக நிரப்பினேன். இப்போது நிறமாற்றக் கோடு கீழிருந்து சீராக ஏறி வருவதைக் கண்ணாலேயே பார்க்க முடிகிறது.

அந்தக் கோடு மேலே எட்டும்வரை காத்திருப்பதையும் விட்டுவிட்டேன். ஒருமுறை மீட்டர் 0 காட்டிக்கொண்டிருந்தபோதே தொட்டிக் கண்ணாடியில் பழுப்பு நிறப் படலம் திரும்பி வந்தது. சிலிக்காவை ரெசின் தளர்வாகத்தான் பற்றுகிறது. மற்ற உப்புகள் கசியத் தொடங்குவதற்கு முன்பே அது வெளியேறும், மீட்டரும் அதைக் காட்டாது. அந்தப் பழுப்புப் படலத்தை உண்டாக்கும் டயட்டம் பாசிக்கு அது போதும். முக்கால் பங்கு நிறம் மாறியதும் ரெசினை மாற்றத் தொடங்கிய பிறகு அந்தப் படலம் வரவில்லை.

கடைசி மாற்றம் மெம்பிரேனுக்கும் ரெசினுக்கும் நடுவில் வைத்த மூவழி வால்வு. கருவி நின்றிருக்கும்போது மெம்பிரேனின் இரு பக்கத்து உப்பும் மெல்லச் சமமாகத் தொடங்குவதால், மறுபடி இயக்கும்போது முதலில் வரும் நீர் மோசமாக இருக்கும்; என் கருவியில் அது 90இல் தொடங்கி 10க்கு இறங்க ஆறு நிமிடம் பிடித்தது. அந்த நீரை வால்வு வழியாக வெளியே விட்டுவிட்டுத்தான் ரெசினுக்குத் திருப்புகிறேன். இதே காரணத்தால், அவ்வப்போது ஐந்து லிட்டர் பிடிப்பதைவிட வாரத்துக்கு ஒருமுறை பீப்பாயை முழுதாக நிரப்புவது நல்லது.

இப்படிக் கிடைக்கும் நீரை அப்படியே தொட்டியில் ஊற்றக்கூடாது. பி.எச். மாறாமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மை இல்லாத நீரில் பி.எச். தடாலெனச் சரியும். இறாலுக்கும் டிஸ்கஸ் மீனுக்கும் அவற்றுக்குரிய தாது உப்பையும், கடல் தொட்டிக்குக் கடல் உப்பையும் பீப்பாயிலேயே கரைத்து அளந்த பிறகே ஊற்றுகிறேன். தூய நீர் செல்லும் வழியில் பித்தளை இணைப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து கரையும் செம்பு இறால்களைக் கொன்றுவிடும்.

குழாயில் 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் உள்ளவர்கள் இந்தக் கருவியைத் தயங்காமல் வாங்கலாம். இரண்டாவது கார்பனையும் செங்குத்து ரெசின் குடுவையையும் மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். அழுத்தம் 40க்குக் கீழே இருப்பவர்கள் பம்ப் இல்லாமல் இதை வாங்க வேண்டாம்; மெம்பிரேன் செய்ய வேண்டிய வேலையை ரெசின் செய்யும், அதை மாற்றி மாற்றியே கை சலித்துப்போகும்.