சயனோடைப்பும் எங்கள் வீட்டுப் போர் தண்ணீரும்

சயனோடைப் என்பது ரசாயனம் பூசிய காகிதத்தில் இலை, பூ வைத்து, வெயிலில் காட்டி, கழுவி நீலப் படம் எடுக்கும் கலை. அதற்கான பொருட்கள் அடங்கிய பெட்டியின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். கேமரா இல்லாமல் வெயிலிலேயே படம் எடுக்கும் ஆசையை அவருக்கு மூட்டிவிட்டவன் நான்தான் என்பதால் தப்பிக்க வழியில்லை.

செய்முறை எளிது. அமோனியம் ஃபெரிக் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு, காகிதம், வெயில், கழுவத் தண்ணீர். 1842-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நாளிலிருந்து அடிப்படை மாறவில்லை. சென்னை வெயிலை நான் புகழ்வது இந்த ஒரு வேலைக்காகத்தான். உச்சிப்பொழுதில் 10 நிமிடத்துக்குள் மஞ்சள் கலந்த பச்சைப் பூச்சு வெண்கல நிறத்துக்கு வந்துவிடும். முருங்கைக் கொத்து கச்சிதமாக வெள்ளை நிழலாக விழும். செம்பருத்தி இதழ் இன்னும் அருமை. மெல்லிய இதழ் கொஞ்சம் வெளிச்சத்தை உள்ளே விடுவதால் நரம்புகள்கூடப் பதிகின்றன.

பிறகு நீலப் படம் தெளியக் கழுவ வேண்டும். அங்கேதான் என் பொறுமை போகிறது.

ஓடும் குழாய் நீரில் அலசவும் என்கிறது பெட்டியில் உள்ள தாள். எந்த ஊர்க் குழாய்? படத்தின் நீலமான பிரஷ்யன் நீலத்துக்குக் காரத்தன்மை ஆகாது. எங்கள் போர் தண்ணீரோ கெண்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசும் ரகம். அலச அலச நீலம் வெளிறி, ஓரங்களில் மஞ்சள் தட்டுகிறது. வெளிச்சத்தில் மங்கிய படத்தை இருட்டில் வைத்தால் நீலம் பெரும்பாலும் திரும்பிவிடும். காரத்தன்மை தின்ற நீலம் அப்படித் திரும்புவதில்லை. 1843-இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைப் பதித்த நீலம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அவர் எங்கள் மோட்டாரைப் போட்டுக் கழுவவில்லை.

முதல் அலசலுக்கு எலுமிச்சைச் சாறு சில துளிகள், மிச்சத்துக்குக் கேன் தண்ணீர் என்று சமாளிக்கிறேன். “குடிக்க வாங்கின தண்ணீரில் காகிதம் துவைக்கிறாயா?” என்று அம்மா கேட்கும்போது பதில் இல்லை. காரத்தன்மை கொண்ட கால்சியம் கார்பனேட் சேர்த்த விலை உயர்ந்த ஓவியத் தாள்களும் இதே வேலையைக் காட்டுகின்றன. அதையும் பெட்டியில் உள்ள தாளில் எழுதவில்லை.

கைக்கு எட்டும் செலவில் இவ்வளவு மகிழ்ச்சி தரும் கலை வேறொன்றை நான் அறியேன். ஆனால் இன்று காலைதான் ஒரு நல்ல செம்பருத்தி வெளுத்துப்போனது. ஆகவே தீர்ப்பு: வாங்க வேண்டாம்.

நண்பர் கேட்கமாட்டார். குறைந்தபட்சம் பெட்டியை விட்டுவிட்டு இரண்டு ரசாயனங்களையும் தூளாகத் தனித்தனியே வாங்கட்டும். கரைத்து வைத்தால் சிட்ரேட் புட்டியில் பூஞ்சை பிடிக்கும்.